அண்ணி சம்மணம் போடும் நேரம்

எங்கள் அண்ணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஒரே ஒரு கார், ஒரே ஒரு வாத்தியார், ஒரே ஒரு அறை. அந்த அறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுப்பது என் வேலை. போன் அடித்தால்தானே எடுப்பது? அதனால் பல நாள் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் என் வேலை.

அறைக்கு ஒரு பக்கம் மருந்துக்கடை, இன்னொரு பக்கம் ஜெராக்ஸ் கடை. சாலைக் குறியீடுகள் போட்ட அட்டை ஒன்று சுவரில் தொங்கும். வெயில் பட்டுப் பட்டு அதிலிருந்த சிவப்பெல்லாம் ஆரஞ்சாகிவிட்டது. ஒரு பழைய ஸ்டியரிங்கை இரும்புக் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறோம். மருந்து வாங்க வருகிறவர்களின் பிள்ளைகள் உள்ளே ஓடிவந்து அதைச் சுற்றிவிட்டுப் போவார்கள். வாடிக்கையாளர்கள் என்று பார்த்தால் அவர்கள்தான் அதிகம்.

ஸ்கூல் இருப்பது என் அண்ணன் பேரில். ஆனால் அவனுக்கு டயர் கடை இருக்கிறது, அதிலேயே அவன் பொழுது போய்விடும். கற்றுக்கொடுப்பது முழுக்க அண்ணி. அண்ணனுக்கு 'ன்', அண்ணிக்கு 'ர்' போடுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். படித்து முடித்ததும் நீங்களும் அப்படித்தான் போடுவீர்கள்.

தெருமுனையில் ஒரு பெரிய ஸ்கூல் இருக்கிறது. வரிசையாக வெள்ளைக் கார்கள், கண்ணாடிக் கதவு, ஏசி. இள வயதுக்காரர்கள் எல்லாம் அங்கேதான் போவார்கள். அங்கே திட்டு வாங்கி, அழுது, "இந்த ஜென்மத்துல நமக்கு வராது" என்று முடிவு கட்டினவர்கள் எங்களிடம் வருவார்கள். ஐம்பது வயதில் முதல் முறையாக ஸ்டியரிங் பிடிப்பவர்கள், ஒரு தடவை எதன் மீதாவது மோதிவிட்டுப் பத்து வருடமாகச் சாவியைத் தொடாதவர்கள், இப்படி.

அண்ணி இவர்களிடம் குரலை உயர்த்தவே மாட்டார். அதுகூடப் பெரிதில்லை. அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். மாணவர் தடுமாறினால் வாத்தியார் மிதித்துவிடலாம். பாதுகாப்புதான். ஆனால் அதிலேயே ஒரு வில்லங்கமும் உண்டு. கார் நின்றது தன் காலாலா, வாத்தியார் காலாலா என்று மாணவருக்குக் கடைசி வரை தெரியாது. அந்தச் சந்தேகத்தோடேயே லைசென்ஸ் வாங்கி, அந்தச் சந்தேகத்தோடேயே காரை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அதனால் மாணவர் ஓரளவு தேறியதும் அண்ணி அவரைப் பழைய குடோனுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்துக்கு அழைத்துப் போவார். கார் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது செருப்பைக் கழற்றுவார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"இனிமே இது உங்க கார். நான் வெறும் பாசஞ்சர்" என்பார்.

அதைக் கேட்டு அலறாதவர்கள் இல்லை. அலறிவிட்டு ஓட்டியவர்கள்தான் எல்லோரும்.

அண்ணனுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "வாத்தியார் மாதிரியா இருக்கு? சோறு போடுங்கன்னு உக்காந்த மாதிரி இருக்கு" என்பான்.

"சோறுதான் போடுது" என்பார் அண்ணி.

அந்தச் சோறுதான் இப்போது குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அண்ணன் அறைக்கு வந்து, ஸ்டியரிங் மாடலைச் சுற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னான். பெரிய ஸ்கூல்காரர்கள் எங்கள் காரைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணியையும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

"அங்க எத்தனை கார் கொடுப்பாங்க அவங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

"கார் இல்ல. ரிசப்ஷன்ல உக்காரணும். ஏசி ரூம்" என்றான்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏசியில உக்கார வெக்கிறதுக்கு அண்ணி என்ன மாத்திரை டப்பாவா?" என்று கத்திவிட்டேன். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணி கார் சாவியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த மாச பேட்ச் நிரம்பிட்டா?"

"நிரம்பட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்" என்றான் அண்ணன். அவன் கெட்டவன் இல்லை. நிரம்பாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் அண்ணியின் தம்பி வந்து குதித்தார். அவருக்கு நான் வைத்த பெயர் ட்ரெண்டு. இப்போது குடும்பமே அப்படித்தான் கூப்பிடுகிறது. துணிக்கடைகளுக்கும் செல்போன் கடைகளுக்கும் இணையத்தில் விளம்பர வீடியோ எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். பேச ஆரம்பித்தால் ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை 'ட்ரெண்டு' என்பார்.

"அக்கா, நீ ஒண்ணுமே செய்ய வேணாம். நின்னா போதும், நான் பாத்துக்கறேன்" என்றார்.

அண்ணியை நிற்க வைத்தார். கறுப்புக் கண்ணாடி மாட்டி, கையைக் கட்டி, காரின் மேல் சாய வைத்தார். பின்னால் புகை போட்டார். புகை அண்ணியின் மூக்கில் ஏறி அவர் தும்மின தும்மலை மட்டும் வெட்டிவிட்டு, மீதியை மெதுவாக ஓடவிட்டு, காது கிழிகிற இசையோடு இணையத்தில் எங்கள் ஸ்கூலுக்கு இருக்கிற பக்கத்தில் ஏற்றினார். பார்த்தவர்கள் ட்ரெண்டுவின் நண்பர்கள். எல்லோரும் பாராட்டி அதன் கீழே நெருப்புப் படம் போட்டார்கள். ஒருத்தர்கூட வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கேட்கவில்லை.

"இதுக்கு இன்னும் சூடு வேணும்" என்று ட்ரெண்டு அடுத்த வேலையில் இறங்கினார். பெண்கள் கார் ஓட்டித் தடுமாறும் காட்சிகளை எங்கிருந்தெல்லாமோ பொறுக்கி ஒட்டினார். ஒரு அம்மா ரிவர்ஸில் போய்க் குப்பைத்தொட்டியை இடிக்கிறார், இன்னொருவர் வைப்பரைப் போட்டுவிட்டு அணைக்கத் தெரியாமல் முழிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்புச் சத்தம். கடைசியில் எங்கள் ஸ்கூலின் பெயர், போன் நம்பர்.

அது பிய்த்துக்கொண்டு போனது. போன் அடித்த அடியில் என் மேசை ஆடியது. எடுத்தால் எல்லாம் கேலி. "ஹலோ, குப்பைத்தொட்டி இடிக்கக் கத்துக்கொடுப்பீங்களா?" என்றான் ஒருத்தன். நான் அவனுக்குக் கொடுத்த பதிலை இங்கே அச்சடிக்க முடியாது.

"பாத்தீங்களா? எவ்ளோ ரீச்!" என்று ட்ரெண்டு பூரித்துப்போனார்.

அன்று மாலை வகுப்புக்கு வர வேண்டிய ஊசி அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஊசி அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். எவ்வளவு முரண்டு பிடிக்கிற ஆளாக இருந்தாலும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே குத்தில் எடுத்துவிடுவார். வலித்ததா என்று நாம்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் வெடவெட என்று நடுங்கும். அவர் வீட்டுக்காரருக்குப் பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் வீட்டு வாசலில் உறை போட்டபடி நிற்கிறது. "தினமும் அதைச் சுத்திக்கிட்டுத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போறேன். வெட்கமா இருக்கு" என்று முதல் நாளே சொன்னவர் அவர். எங்களிடம் மிச்சமிருந்த மாணவர்களில் மெதுவாகக் கற்றவரும் அவர்தான், ஒரு வகுப்பைக்கூட விடாதவரும் அவர்தான்.

அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வீடியோவை அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தார். முகம் சிவந்துபோனது. அண்ணிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கோபப்படுவது எங்கள் வீட்டில் என் இலாகா.

"பயந்துபோய் நம்மகிட்ட வர்றவங்களப் பாத்துச் சிரிக்கச் சொல்லி, ஊரையே கூப்பிட்டிருக்கியே! இதைப் பாத்துட்டு எவடா வருவா?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அவ்ளோ பேர் பாக்குறாங்க…"

"என் காருல உக்காரப் போறவங்க பாத்தா போதும். அழி."

அழித்தார். அழிக்கும்போது ட்ரெண்டு விட்ட பெருமூச்சில் ஒரு ஃபேன் ஓட்டியிருக்கலாம்.

அப்புறம் அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். ஊசி அக்கா கண்ணாடிக் குழாய்களில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, அந்த வீடியோ என் பேருல வந்தது. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுங்க" என்றார் அண்ணி.

"அந்தக் குப்பைத்தொட்டி அம்மா மாதிரிதான் டீச்சர் நானும். வேற யாரோ எடுத்ததுனால அவங்க மாட்டிக்கிட்டாங்க, நான் தப்பிச்சேன்" என்றார் ஊசி அக்கா.

"அவங்க இடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்கை ஒடிச்சிருக்கணும், லேட்டா ஒடிச்சாங்க. அவ்ளோதான் விஷயம். பக்கத்துல யாராவது சொல்லியிருந்தா இடிச்சிருக்கவே மாட்டாங்க. நாளைக்கு வாங்க, நான் காட்டுறேன்."

ஊசி அக்கா வந்தார். அந்த வகுப்பில்தான் எல்லாம் நடந்தது.

அண்ணிக்கு இன்னொரு வழக்கம் உண்டு. பின்சீட்டின் நடுவில் ஒரு கம்பியில் போனை மாட்டி, வகுப்பு முழுவதையும் படம் எடுப்பார். ஸ்டியரிங், அதைப் பிடித்த கைகள், முன்னால் இருக்கிற சாலை, இந்தப் பக்கம் அண்ணியின் முழங்கால், இவ்வளவுதான் அதில் தெரியும். முகம் தெரியாது. வகுப்பு முடிந்ததும் அந்தந்த மாணவருக்கு மட்டும் அனுப்பிவிடுவார். வீட்டில் நிதானமாகப் பார்த்து, எங்கே தப்பு செய்தோம் என்று அவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. அன்றும் அனுப்பினார். ஆனால் ட்ரெண்டு ஏற்கெனவே அண்ணியின் போனை ஸ்கூலின் இணையப் பக்கத்தோடு இணைத்து வைத்திருந்தார். அண்ணி கண்ணாடி போடாமல் எதையோ அழுத்த, ஊசி அக்காவுக்குப் போக வேண்டியது ஊருக்கே போய்விட்டது.

நாற்பது நிமிட வீடியோ. இசை இல்லை, வெட்டு இல்லை, புகை இல்லை. நான்கு கம்பங்களுக்கு நடுவில் ஒரு காரைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறார் ஒருத்தர். முடியவில்லை. வெளியே எடுக்கிறார். மறுபடி பின்னால் போகிறார். கம்பத்தில் உரசுகிறார். "பரவாயில்ல, கம்பத்துக்கு வலிக்காது" என்று அண்ணியின் குரல். மறுபடி, மறுபடி. கடைசியில் கார் மிக அழகாக வளைந்து உள்ளே போகிறது, இன்னும் ஒரு முழம்தான் பாக்கி, அண்ணி செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது, முழங்கால் மேலே எழும்புகிறது. அத்தோடு போனில் இடம் தீர்ந்து படம் நின்றுபோனது.

மறுநாள் காலையில் ட்ரெண்டு தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "அக்கா, என்ன காரியம் பண்ணிட்டே! நாப்பது நிமிஷம்! யாரு பாப்பா?"

"பாத்திருக்காங்களே" என்றேன் நான். என் போனில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் முந்தைய வீடியோ அளவுக்கு இல்லை, அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆனால் பார்த்தவர்கள் கடைசி வரை பார்த்திருந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்.

"அப்புறம் என்ன ஆச்சு? உள்ளே போயிடுச்சா?"

"சஸ்பென்ஸ் தாங்கல. அந்த அக்கா பார்க் பண்ணிட்டாங்களா இல்லையா?"

"அடுப்புல பால் பொங்கி வழிஞ்சிடுச்சு. இன்னும் ஒரு முழம்தானே! சொல்லுங்க யாராவது."

ஒரு அம்மா மட்டும் வேறு கேள்வி கேட்டிருந்தார்: "நானும் அதே இடத்துலதான் தப்பு பண்றேன். என் வீட்டுக்காரர் கத்துவார். இவங்க ஏன் கத்தல?"

அண்ணி இதையெல்லாம் படித்துவிட்டு முதலில் செய்தது, ஊசி அக்காவுக்குப் போன் போட்டதுதான். தவறுதலாகப் போய்விட்டது, இந்த நிமிடமே அழித்துவிடுகிறேன் என்றார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அழிக்காதீங்க டீச்சர்" என்றார் ஊசி அக்கா. "ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் உக்காந்து அவங்க எழுதினதையெல்லாம் படிச்சோம். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்ல, நான்தான் ஒண்ணொண்ணா படிச்சுச் சொன்னேன். யாருமே சிரிக்கல டீச்சர். அவ்ளோ பேரும் நான் உள்ளே போகணும்னு நெனச்சிருக்காங்க." அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கரித்தது, ஃபைலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அப்போ அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் அண்ணி.

"நடந்ததைச் சொல்லுங்க."

இங்கேதான் ட்ரெண்டு குறுக்கே பாய்ந்தார். "அக்கா, உள்ளே போயிடுச்சுன்னு சொல்லு! வேணும்னா நான் ஓட்டுறேன், கையில வளையல் மாட்டிக்கறேன், முகம் தெரியாதில்ல? மீதி ஒரு நிமிஷத்தை எடுத்து ஒட்டிடலாம்."

ட்ரெண்டுவின் கை கரடியின் கை. அதில் வளையலை நினைத்துப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. போனை வாயருகே வைத்து, தன் சாதாரணக் குரலில் பேசிப் பதிவு செய்தார்.

"உள்ளே போகலைங்க. நான் காலை மடக்கினதும் அக்கா பயந்து பிரேக்கை அழுத்திட்டாங்க, வண்டி ஆஃப் ஆயிடுச்சு. தப்பு அவங்களோடது இல்ல, நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். வியாழக்கிழமை மறுபடி முயற்சி பண்றோம்."

வியாழக்கிழமை வந்தது. உள்ளே போகவில்லை. அதையும் அப்படியே ஏற்றினார். அடுத்த வாரமும் உள்ளே போகவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் போகவில்லை, கூடிக்கொண்டே வந்தார்கள். தப்பு எங்கே நடந்தது என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். "இடது பக்கக் கண்ணாடியில கம்பம் மறையும்போது ஒடிக்கணும்" என்று ஒருத்தர் எழுத, "அதுக்கு முன்னாடியே, அதுக்கு முன்னாடியே" என்று இன்னொருத்தர் சண்டைக்கு வந்தார். கேள்வி கேட்ட ஒவ்வொருவருக்கும் அண்ணி குரலிலேயே பதில் சொன்னார். கத்துகிற வீட்டுக்காரர் உள்ள அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது: "கத்தினா கால் இறுகிப்போயிடும்மா. இறுகின காலுக்குக் கிளட்ச் தெரியாது. அவரைப் பின்சீட்டுல உக்கார வைங்க, கையில ஒரு பாட்டில் தண்ணி கொடுத்து சிந்தாம பிடிக்கச் சொல்லுங்க. அவர் கவனம் அதுல போயிடும்." அதற்கு வந்த சிரிப்பும் நன்றியும் ஒரு பக்கம் நிறைந்து வழிந்தன. ரெண்டு நாள் கழித்து அந்த அம்மா எழுதினார்: "சிந்தாம பிடிச்சாரு. நான் கடைவீதி வரை ஓட்டினேன்."

எப்போது அண்ணி சம்மணம் போடுவார் என்று காத்திருப்பது பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. முழங்கால் எழும்பினால் போதும், "மடக்கிட்டாங்க! மடக்கிட்டாங்க!" என்று எழுதித் தள்ளுவார்கள்.

போன் அடிக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை கேலி இல்லை. தயங்கித் தயங்கிப் பேசுகிற குரல்கள். "எனக்கு அம்பத்தெட்டு வயசு, சேர்த்துப்பீங்களா?" "நான் ஒரு தடவை இடிச்சிருக்கேன், பரவாயில்லையா?" நான் என் வாழ்நாளில் அவ்வளவு பணிவாகப் பேசியதே இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எல்லோரும் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"அந்த அக்கா டெஸ்ட்ல பாஸ் ஆகட்டும், மறுநாளே வந்து சேர்ந்துடறேன்."

"ஏங்க, அவங்க பாஸ் ஆனா நீங்க எப்படி ஓட்டுவீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேவிட்டேன்.

"அவங்களுக்கே வந்துடுச்சுன்னா எனக்கும் வரும்ங்க" என்றார்.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பாக்குறவன் பாத்துட்டே இருப்பான். சேர்றவன் எவன்? மாசக் கடைசியில பெரிய ஸ்கூல்காரங்க காரை எடுக்க வர்றாங்க."

மாதக் கடைசிக்கு முந்தின நாள்தான் ஊசி அக்காவுக்கு டெஸ்ட். அப்படியென்றால், அண்ணியின் கார், அண்ணியின் பிழைப்பு, எல்லாம் அந்த நடுங்குகிற கைகளில் வந்து நின்றது. எனக்கு ஊசி அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு அரித்தது. சொன்னால் வீட்டில் கூடுதலாக ஓட்டிப் பழகுவார் இல்லையா? அண்ணி கண்டுபிடித்துவிட்டார்.

"வாயைத் திறந்த, அவ்ளோதான்" என்றார். "அவங்க கார் ஓட்டக் கத்துக்க வந்தாங்க. நம்மளச் சுமக்க வரல."

டெஸ்ட் மைதானம் ஊருக்கு வெளியே, சுற்றிலும் கம்பிவேலி போட்ட பெரிய இடம். ஓரத்தில் தகரக் கொட்டகை. டெஸ்ட் கொடுக்க வந்தவர்கள், கூட வந்தவர்கள், பெரிய ஸ்கூலின் வெள்ளைச் சட்டை வாத்தியார்கள் என்று வேலியோரம் ஒரே கூட்டம். அண்ணனும் வந்திருந்தான். எதற்கு வந்தாய் என்றால், "சும்மாதான்" என்றான். ட்ரெண்டு கையில் போன், கழுத்தில் ஒரு கேமரா, முதுகில் ஒரு பை என்று போருக்குப் போகிற மாதிரி வந்தார். கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் அண்ணியைப் பார்த்ததும், "டீச்சர்தானே? உங்க குரல்தானே?" என்று பக்கத்தில் வந்தார்கள். அந்த அக்காவைப் பார்க்கத்தான் வந்தார்களாம். கையில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு ஆள் நின்றார். அவர் யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஊசி அக்கா வந்தார். முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்கல்ல?" என்றார். டெஸ்டில் பக்கத்தில் அதிகாரிதான் உட்கார்வார், வாத்தியாருக்கு உள்ளே இடமில்லை.

"நான் இங்கதான் இருப்பேன். கண்ணாடியில பாத்தா தெரிவேன்" என்றார் அண்ணி.

கார் புறப்பட்டது. நேராகப் போனது, திரும்பியது, நின்றது, கிளம்பியது. எல்லாம் சரி. கடைசியாக ரிவர்ஸ். நான்கு கம்பங்கள். முதல் முயற்சியில் கார் கோணிக்கொண்டது, அக்கா வெளியே எடுத்தார். இன்னும் ஒரே ஒரு முயற்சிதான் உண்டு. கார் நின்ற இடத்திலேயே நின்றது. நகரவில்லை. அங்கிருந்தே ஸ்டியரிங்கில் அந்தக் கைகள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய ஸ்கூல் வாத்தியார் ஒருவர், "முடிஞ்சுது" என்றார். அவரை நான் பார்த்த பார்வைக்கு அவர் ரெண்டடி தள்ளிப்போனார்.

அண்ணி வேலியை ஒட்டி முன்னால் நடந்தார். காரின் கண்ணாடிக்கு நேராக நின்றார். செருப்பைக் கழற்றினார். அந்தப் புழுதியில், வெயிலில், நல்ல புடவையோடு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் பக்கத்தில் நின்ற தண்ணீர் பாட்டில்காரர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி உட்கார்ந்தார். பார்க்க வந்த அத்தனை பேரும், ஒருத்தர்பின் ஒருத்தராக, புழுதியில் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். முழங்கால் வலிக்கிற ஒரு பெரியவர் ஒருத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் என் அண்ணன், டயர் கடைக்காரன், 'சோறு போடுங்கன்னு உக்காந்த மாதிரி இருக்கு' என்று வாய் ஓயாமல் சொன்னவன், பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

கார் நகர்ந்தது. நடக்கிற வேகத்துக்கும் குறைவாக, பின்னால், இன்னும் பின்னால். இடது கண்ணாடியில் கம்பம் மறைந்திருக்க வேண்டும், சக்கரம் திரும்பியது. கார் வளைந்தது. கடைசி ஒரு முழம். நேராகி, உள்ளே போய், நான்கு கம்பங்களுக்கும் நட்ட நடுவில் நின்றது.

அதிகாரி இறங்கினார். சுற்றிப் பார்த்தார். வேலியோரம் புழுதியில் உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாஸ்" என்றார்.

அப்போது எழுந்த கூச்சலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஊசி அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். அண்ணி இந்தப் பக்கம் நின்று அழுதார். கம்பி இடைவெளியில் விரல்களைக் கோத்துக்கொண்டார்கள். நான் யாரைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் பொதுவாக அழுதேன்.

"எடுத்துட்டியா?" என்று அண்ணன் ட்ரெண்டுவைக் கேட்டான். "முழுசா எடுத்துட்டியா?"

ட்ரெண்டு புழுதியில் சம்மணம் போட்டபடியே இருந்தார். கேமரா மடியில் மூடிக் கிடந்தது. போன் பாக்கெட்டில். பேந்தப் பேந்த விழித்தார்.

"இல்ல மாமா… நானும் உக்காந்துட்டேன்."

உலகத்தில் எதையெதையோ படம் எடுத்த மனிதர், இதை எடுக்கவில்லை! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். போனை வாங்கி, படம் எதுவும் இல்லாமல், மூச்சிரைக்க ரெண்டே வரி பேசிப் பதிவு செய்தார்.

"அக்கா உள்ளே போயிட்டாங்க. பாஸ்."

ஆதாரம் கேட்டு ஒருத்தர்கூட எழுதவில்லை. போகவில்லை என்று அத்தனை தடவை சொன்னவர், போய்விட்டார் என்றால் போய்விட்டார்தான். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் அறைக் கதவைத் திறக்கும்போதே மருந்துக்கடை வரை ஆட்கள் நின்றார்கள். எல்லாம் நரைத்த தலைகள், தயங்கின முகங்கள். பேட்ச் நிரம்பி, அதற்கடுத்த பேட்ச்சும் நிரம்பியது. காரை எடுக்க வந்த பெரிய ஸ்கூல் ஆளை வாசலிலேயே நிறுத்தியது அண்ணன்தான். "வண்டி வகுப்புக்குப் போயிருக்கு. இனிமேலும் போகும்" என்றான். சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை அவனே எடுத்து, "சொல்லுங்கம்மா, எத்தனை வயசானாலும் சேர்த்துப்போம்" என்றான் பாருங்கள், எனக்குக் காதில் தேன் ஊற்றின மாதிரி இருந்தது.

ஊசி அக்கா அன்று சாயங்காலம் தன் வீட்டுக் காரின் உறையைக் கழற்றி, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் தெரு வழியாக ஓட்டிப்போனார். அவர் வீட்டுக்காரர் சீட்டில் சம்மணம் போட்டிருந்தார்.

அடுத்த பேட்ச்சில் கடைசி இடத்தில் சேர்ந்தது யார் என்கிறீர்கள்? நான்தான். "உன் கோபத்துக்கு ஸ்டியரிங்கைக் கொடுத்தா ஊர் தாங்காது" என்று அண்ணன் இத்தனை வருடமாகச் சொன்னதை நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இப்போது வாரம் மூன்று நாள் ஓட்டுகிறேன். பின்சீட்டில் போன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரே பார்க்கிறது, ஹார்ன் அடித்தவனை நான் திட்டுகிற திட்டையும் சேர்த்து. "எப்போ மடக்குவாங்க?" என்று தினமும் எழுதுகிறார்கள். அண்ணி இன்னும் காலை மடக்கவில்லை. பிரேக்கின் மேலேயே வைத்திருக்கிறார். இருக்கட்டும், அவரை மடக்க வைக்காமல் நானும் விடப்போவதில்லை.